அடுத்த வீட்டுச் சட்டியின் மூடி

மூடி திறப்போர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் அடுப்பில் எதையாவது ஏற்றி, அது பாட்டுக்குக் கொதிக்கட்டும் என்று மூடி போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்காரப் போனீர்களா, அந்த ஒரு நிமிடத்துக்காகவே விடிந்ததிலிருந்து காத்திருந்தவர் மாதிரி ஒருவர் உள்ளே வருவார், செருப்பைக் கழற்றுவார், "என்ன, வாசனை தெருக்கோடி வரைக்கும் வருது!" என்று சொல்லிக்கொண்டே, நாற்காலி, மின்விசிறி, உங்கள் முகம் எதையும் பார்க்காமல், கூடத்தைக் கடந்து நேரே அடுப்படிக்குப் போய் மூடியைத் திறப்பார். யார் சட்டி? கேட்க மாட்டார். யாருக்காகச் சமைக்கிறாய்? அதுவும் கேட்க மாட்டார். மூடி என்று ஒன்று இருந்தால் அது திறப்பதற்குத்தானே?

திறந்த பிறகு நடக்கிற சடங்கு இருக்கிறதே, எங்கள் பங்குச் சாமியார் பூசைக்குக்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை. முதலில் ஆவி முழுவதையும் முகத்தில் வாங்கிக்கொள்வார். மூக்குக்கண்ணாடி மங்கிப்போகும். மங்கின கண்ணாடியோடேயே குழம்பின் நிறத்தைப் பற்றி ஒரு தலையசைப்பு. அப்புறம் கரண்டி. ஒரு கலக்கு, அடியில் என்ன இருக்கிறதென்று ஒரு துழாவல், நல்ல கறித்துண்டாக ஒன்று மேலே வந்தால் 'வெந்திருக்கா பாப்போம்' என்று அது வாய்க்குள். அப்புறம் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, 'ஸ்ஸ்' என்று உறிஞ்சி, கண்ணை மூடி ஒரு மௌனம். சமைத்தவளுக்கு அதற்குள் பாதி உயிர் போய்விடும்.

"நல்லாத்தான் இருக்கு," என்பார். "ஆனா..."

இந்த 'ஆனா'வுக்காகத்தான் மனிதர் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். 'நல்லாத்தான் இருக்கு' என்பது சும்மா வாசல்படி. வீடு 'ஆனா'வில்தான் ஆரம்பிக்கிறது. ஆனா கறி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம். ஆனா எங்க ஊர்ல இதுக்குப் புளிதான் போடுவாங்க, கொய்யாப்பழம் யாரும் போடறதில்லை. ஆனா எங்க அம்மா பண்ணுவாங்க பாரு, அது வேற. அந்த அம்மா உயிரோடு இருந்தபோது அவள் சட்டியைத் திறந்தும் இதையேதான் சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

இந்த இனத்துக்கு எங்கள் தெருவில் தலைவர் புருடென்சியோ. நாங்கள் டென்சியோ மாமா என்போம். சின்ன வயதிலேயே மனைவியை இழந்தவர், பாவம். அன்றிலிருந்து ஒரு பிடி அரிசிகூடக் கழுவிப் போட்டதில்லை. அவர் வீட்டு அடுப்பில் சிலந்தி குடித்தனம் நடத்துகிறது. ஆனால் தெருவில் எந்த வீட்டில் எப்போது மூடி விழுகிறது என்பது அந்த மனிதருக்கு எப்படியோ தெரிந்துவிடும். மணிலாவுக்குப் பக்கத்திலிருக்கிற எங்கள் புலகான் மாகாணத்திலேயே கரே-கரே என்கிற மாட்டுவால் கடலைக் குழம்பைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்பது அவருடைய எண்ணம். அதை அவர் மறைத்து வைத்ததும் இல்லை.

கரே-கரே வைப்பது லேசான வேலை இல்லை. மாட்டு வாலையும் குடலையும் முந்தின நாளே கழுவித் தேய்த்து, எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழுகிற வரைக்கும் வேகவைக்க வேண்டும். நிலக்கடலையை வறுத்து இடிக்க வேண்டும். அரிசியை வறுத்துப் பொடிக்க வேண்டும். சிவப்பு விதையை ஊறவைத்து நிறம் எடுக்க வேண்டும். வாழைப்பூ, காராமணிக்காய், கத்தரிக்காய், கீரை என்று ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் போட வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, உப்புப் போடக் கூடாது. ஆமாம், கூடாது. உப்பெல்லாம் பகோங்கில் இருக்கிறது. பகோங் என்கிற அந்த ஊறவைத்த உப்பு இறால் விழுதைப் பூண்டோடு வதக்கித் தனிக் கிண்ணத்தில் வைத்தால், சாப்பிடுகிறவர் தன் தட்டில், தன் நாக்குக்குத் தக்கபடி தொட்டுக்கொள்வார். சட்டி பொது, உப்பு அவரவர் இஷ்டம். எங்கள் நாட்டில் எவ்வளவோ சண்டை உண்டு, இதில் மட்டும் சண்டை கிடையாது. அதாவது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை கிடையாது.

அன்றைக்கு மிண்டா வீட்டில் பெண் கேட்டு வருகிறார்கள். மிண்டா என் எதிர்வீட்டுக்காரி, டென்சியோ மாமாவின் தங்கை மகள். புருஷன் போனதிலிருந்து தையல் மெஷினை மிதித்தே மகள் ஜோவலினை வளர்த்தவள். ஜோவலினுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் பெண் வீட்டு ஆண்துணையாகக் கூடத்தில் உட்கார வேண்டியது நான். மாப்பிள்ளை ஆர்னெல் கப்பலில் வேலை பார்க்கிறவன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கப்பலேறினால் அடுத்த வருஷம் முழுக்க அவன் கரையையே பார்க்கப் போவதில்லை. அதற்குள் கல்யாணம் முடிய வேண்டும் என்பது பிள்ளைகள் இருவருடைய ஆசை.

அதற்குக் குறுக்கே நிற்பது ஒரே ஒரு ஆள். மாப்பிள்ளையின் அம்மா, பெர்பெத்துவா. அவளுடைய மகளுக்கு இந்த வருஷ ஆரம்பத்தில்தான் கல்யாணம் ஆயிற்று. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒரே வருஷத்தில் கல்யாணம் செய்தால் ஒருவர் அதிர்ஷ்டத்தை இன்னொருவர் விழுங்கிவிடுவார்கள் என்று எங்களிடம் ஒரு பயம் உண்டு. 'இந்த வருஷம் பேச்சே வேண்டாம், அவன் போயிட்டு வரட்டும், அப்புறம் பாக்கலாம்' என்று சொல்லத்தான் அந்த அம்மாள் சமையலுக்குப் பேர்போன பக்கத்து மாகாணமான பம்பாங்காவிலிருந்து கிளம்பி வருகிறாள் என்று ஆர்னெல் முன்கூட்டியே சொல்லிவிட்டான். போயிட்டு வந்து, அப்புறம் இன்னொரு கப்பல், அப்புறம் இன்னொரு காரணம். இப்படித் தள்ளிப்போன கல்யாணங்கள் எங்கே போய் முடிந்தன என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஜோவலின் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"அண்ணே, சாப்பாட்டுலயாவது அந்தம்மா மனசு இளகணும்," என்றாள் மிண்டா. நான் கடலை இடித்துக்கொண்டிருந்தேன். "பம்பாங்காக்காரங்க. நாக்கு அவங்களுக்கு நீளம். ஒரு குறை சொல்ல விடக்கூடாது."

விடவில்லைதான். சட்டியை இறக்கி மூடி, பகோங் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு மிண்டா குளிக்கப் போனாள். நான் கூடத்தில் நாற்காலி போடப் போனேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆறு நாற்காலி போடுகிற நேரம்.

"என்ன, வாசனை தெருக்கோடி வரைக்கும் வருது!"

நான் திரும்புவதற்குள் டென்சியோ மாமா அடுப்படிக்குள் இருந்தார். ஓடினேன். அதற்குள் ஆவி, கலக்கு, துழாவல், வால்துண்டு எல்லாம் முடிந்து உள்ளங்கைக்கு வந்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா சப்புன்னு இருக்கே."

"கரே-கரே சப்புன்னுதான் மாமா இருக்கும். பகோங் அதோ இருக்கு."

"அது நமக்குத் தெரியும்டா. வர்றவங்க யாரு? பம்பாங்கா! அவங்களுக்கு ருசி உள்ளேயே இறங்கியிருக்கணும். எனக்கா தெரியாது?"

சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி பகோங்கை எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டார். கையைப் பிடிக்கப் போனேன், இன்னொரு கரண்டி. கிண்ணத்தில் மீந்ததை மட்டும் வைத்து என்ன செய்வது என்று அதையும் வழித்துப் போட்டு, நன்றாகக் கலக்கி, மூடி, கையைத் துடைத்துக்கொண்டார். நான் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன். மணிலா வளைகுடாவை மொத்தமாக வற்றவைத்தால்கூட அவ்வளவு கரிக்காது.

மிண்டா தலைமுடியைச் சுருட்டிவிட்ட உருளைகளோடு வந்து நின்றாள். சட்டியைப் பார்த்தாள். பொன்னிறமாக இருந்த குழம்பு சேற்று நிறத்தில் இருந்தது. காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"மாமா, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. ஒரு எடுப்பா இருக்கட்டுமேன்னு..."

"எம்பொண்ணு வாழ்க்கை மாமா இது!"

"அதனாலதான் சொல்றேன், ஒரு கை தண்ணி ஊத்திடு, சரியாயிடும்."

பார்த்தீர்களா? இந்த இனத்துக்குக் குற்ற உணர்ச்சி என்பதே கிடையாது. சட்டி கெட்டால் அது சட்டியின் குற்றம். மிண்டாவின் கண் நிரம்பிவிட்டது. எனக்கு அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது. தள்ளியிருப்பேன், அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். முன்னால் ஆர்னெல். பின்னால் அவன் அப்பா சிம்ப்ளிசியோ, கையில் வாழையிலை மூடிய பலகாரத் தட்டு, முகத்தில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டு முடிக்காத மாதிரி ஒரு சிரிப்பு. இருவரையும் விலக்கிக்கொண்டு பெர்பெத்துவா அம்மாள். நல்ல உயரம், கை நிறைய வளையல். எங்கள் வழக்கப்படி அந்த அம்மாளின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ள ஜோவலின் குனிந்தாள். அந்தக் கை அங்கே இல்லை. அது ஏற்கெனவே மூக்குக்கு முன்னால் காற்றை விசிறிக்கொண்டிருந்தது.

"என்ன, வாசனை தெருக்கோடி வரைக்கும் வருது!" என்றாள் பெர்பெத்துவா அம்மாள்.

கூடம், நாற்காலி, சுவரில் அழகுக்கு மாட்டியிருந்த ஆளுயர மரக்கரண்டி, மேசைமேல் பரப்பிய நல்ல தட்டுகள், எதையும் பார்க்காமல் அந்த அம்மாள் நேரே அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தாள். ஆவி. கலக்கு. துழாவல். உள்ளங்கை. மௌனம்.

"நல்லாத்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவளுக்குப் பாதிக்கு மேல் முடியவில்லை. "யாரு இதுக்குள்ள பகோங்கைக் கொட்டினது?"

"நான்தான்," என்றார் டென்சியோ மாமா, பதக்கம் வாங்க மேடையேறுகிறவர் மாதிரி. "உங்க ஊர்ல இப்படிச் செய்யறதில்லையா?"

"எங்க ஊர்ல இதை நாய்க்கு வைக்க மாட்டோம்."

"உங்க ஊர் நாய் எதைத்தான் சாப்பிடும்? உங்க ஊர்ல கடலையையே சரியா வறுக்க மாட்டாங்க, பச்சை வாடை அடிக்கும். நான் சாப்பிட்டிருக்கேன்."

"கடலையா! கடலையைப் பத்தி என்கிட்டயா பேசறீங்க?"

மிண்டா சுவரோடு சுவராக ஒட்டிப்போய் நின்றாள். ஜோவலின் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

பெர்பெத்துவா அம்மாள் வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். "வேகவச்ச வால் மிச்சம் இருக்கா? கடலை இருக்கா? எடுங்க. எப்படிப் பண்றதுன்னு இந்தப் பெரியவருக்கு நான் காட்டறேன்."

வந்த விருந்தாளியை அடுப்படியில் நிற்கவிடுவது எவ்வளவு பெரிய அவமானம்! மிண்டா பதறிப்போய், "ஐயோ, நீங்க வேணாம்மா, கூடத்துல..." என்று ஆரம்பித்தாள். அப்படியே நிறுத்தினாள். திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. அங்கே சிம்ப்ளிசியோ ஒரு நாற்காலியில் தன்னந்தனியாக, தொப்பியால் விசிறிக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லாத சுகத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மிண்டா என்னைப் பார்த்தாள். உதட்டைக் குவித்துக் கூடத்தைக் காட்டினாள்.

"சரிம்மா," என்றாள் அந்த அம்மாளிடம், பாலில் தேன் கலந்த குரலில். "உங்க கைப்பக்குவத்தை நாங்களும் ஒரு தடவை கத்துக்கறோம். மிச்ச வால் அந்தக் குண்டான்ல இருக்கு. மாமா, நீங்க கூடவே இருந்து பாத்துக்கோங்க. கடலை எந்தப் பதத்துல இறக்கணும்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

இரண்டு மூடி திறப்போரை ஒரே சட்டியோடு உள்ளே விட்டுக் கதவைப் பாதி சாத்தியது அவள்தான். நான் சாட்சி.

கூடத்தில் உட்கார்ந்தோம். சம்பிரதாயப்படி மழையைப் பற்றியும் ரோடு சரியில்லாததைப் பற்றியும் பேசினோம். அடுப்படியிலிருந்து, "தீயைக் குறைங்க!" "எதுக்குக் குறைக்கணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் சற்றே அடங்கினால் மிண்டா எழுந்து போய், "அம்மா, கடலை கொஞ்சம் கருகின வாடை வருதுன்னு மாமா நினைக்கிறாரோ?" என்று ஒரு சுள்ளியைப் போட்டுவிட்டு வந்து உட்காருவாள். மறுபடி பற்றிக்கொள்ளும்.

நான் பேச்சை எடுத்தேன். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், கப்பல் கிளம்புகிறது, ஒரே வருஷத்தில் இரண்டு கல்யாணம் என்கிற தயக்கம் உங்கள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றேன்.

சிம்ப்ளிசியோவை அதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. தொப்பியை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் குரல் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கனமான குரல்.

"அதெல்லாம் சும்மாங்க. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம்தான் எங்க தம்பிக்கும் ஆச்சு. ஒண்ணும் ஆகலை."

அடுப்படியில் ஒரு கரண்டி தரையில் விழுந்தது. "இதுக்குப் பேரு கடலைப்பொடியா? இது மரத்தூள்!" என்று அவர் மனைவியின் குரல் கூரையைக் கிளப்பியது. சிம்ப்ளிசியோ அந்தப் பக்கம் பார்த்தார்.

"பெருசா ஒண்ணும் ஆகலை," என்று திருத்திக்கொண்டார்.

"அப்பா," என்றான் ஆர்னெல். "அவளை இப்படியே விட்டுட்டுக் கப்பல் ஏற எனக்கு மனசில்லைப்பா." ஜோவலின் மேசைவிரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த விரலைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது.

சிம்ப்ளிசியோ எழுந்தார். "இருங்க, அவளையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்," என்றார். நியாயமான மனிதர், தடுக்க முடியுமா? அடுப்படிக் கதவுவரை போய், "பெர்பெத்துவா, தேதி விஷயமா..." என்றார்.

"ஏங்க, இப்ப வந்து நிக்கிறீங்க! கையில வேலையா இருக்கேன்ல! இந்தாளு வாழைப்பூவை இப்பவே போடணும்கிறார்! எதுவா இருந்தாலும் நீங்களே முடிவு பண்ணுங்க, போங்க!"

சிம்ப்ளிசியோ திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காக ஆயுள் முழுக்கக் காத்திருந்த மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை என்றார். எங்கள் பங்குச் சாமியாருக்கு அவரே போன் போட்டு, நாளைப் பதிவு செய்து, வணக்கம் சொல்லி வைத்தார். மிண்டா எழுந்து உள்ளறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் பெர்பெத்துவா அம்மாள் வேர்வையில் குளித்து, ஜெயித்த படைத்தலைவி மாதிரி சட்டியை ஏந்திக்கொண்டு வந்தாள். பின்னால் புதிதாக வதக்கிய பகோங் கிண்ணத்தோடு டென்சியோ மாமா.

"உக்காருங்க எல்லாரும். இதுதான் கரே-கரே. முதல்ல சாப்பாடு, அப்புறம் பேச்சு. நான் ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிடறேன், இந்த வருஷம் கல்யாணம்..."

"பேசியாச்சு," என்றார் சிம்ப்ளிசியோ.

"என்ன பேசியாச்சு?"

"நவம்பர். சாமியார்கிட்டயும் சொல்லியாச்சு."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டேனே. நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொன்னியே."

"ஆமா, சொன்னீங்க," என்றார் டென்சியோ மாமா. "வாழைப்பூ விஷயத்துல கத்திட்டு இருந்தப்போ. நான் காதால கேட்டேன்." பிறந்ததிலிருந்து அந்த மனிதர் வாய் திறந்ததில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

யாரும் கரண்டியைத் தொடவில்லை. பெர்பெத்துவா அம்மாள் புருஷனைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். ஜோவலின் எழுந்து அந்தச் சட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். "ரொம்ப நல்லா இருக்கு அத்தை," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த அம்மாள் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. அவள் காதில் இப்படி ஒரு வாக்கியம் 'ஆனா' என்கிற வால் இல்லாமல் விழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மெல்ல உட்கார்ந்தாள். வளையல்களை மாட்டிக்கொண்டாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். "நவம்பர்ல மழை இருக்குமே," என்று முனகினாள். மூன்றாவது வாயில் முகம் சற்றுத் தெளிந்தது. "ஆமா, விருந்துக்குச் சமையல் யாரு?" என்றாள். "எத்தனை சட்டி வைக்கறதா இருக்கீங்க?"

அன்று சட்டி எத்தனை இருந்தாலும் அத்தனை மூடியையும் அவளே திறக்கலாம் என்று மிண்டா உடனே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

இதையெல்லாம் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். டென்சியோ மாமாவிடமும் இதைச் சொன்னேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, 'இந்த மாதிரி ஆளுங்களைத் திருத்தவே முடியாதுப்பா' என்றார். உங்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் நாக்கு நல்ல நாக்காகவே இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டில் நாலு பேர் கூடி ஏதோ பேச்சு ஆரம்பிக்கிற நேரமாகப் பார்த்து, 'ஏங்க, உங்களை விட்டா யாருக்குத் தெரியும், கொஞ்சம் வந்து ருசி பார்த்துச் சொல்லுங்களேன்' என்று உங்களை அடுப்படிக்குக் கூப்பிடுகிறார்களா? உங்கள் நாக்கின் பெருமைக்காகத்தான் என்றா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?